அத்தியாயம் 6: வேலைக்கேற்ற லைனிங் – கனரக வண்டிகள், இயந்திரங்களின் கிளட்சுக்கு உராய்வுப் பொருளைத் தேர்வு செய்தல்

உதிரிபாகக் கடையில் கிளட்ச் பிளேட் கேட்டால் முதலில் வரும் கேள்விகள் இரண்டு: என்ன மாடல், எத்தனை மி.மீ. பிளேட். இவற்றுக்குப் பதில் சொன்னால் வண்டியில் பொருந்தும் பிளேட் கிடைத்துவிடும். அது எவ்வளவு காலம் உழைக்கும் என்பது மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. இந்த வண்டி என்ன வேலை செய்கிறது?

ஒரே மாடல் டிப்பர்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் எம்-சாண்ட் ஏற்றி ஓடும் வண்டி ஒரே பிளேட்டில் வருடக்கணக்கில் ஓடும். குவாரிக் குழிக்குள் நாள் முழுவதும் முன்னும் பின்னும் நகரும் வண்டி சில மாதங்களிலேயே பிளேட்டைத் தின்றுவிடும். இன்ஜின் ஒன்று, கிளட்ச் ஒன்று, தூக்கும் எடையும் ஏறத்தாழ ஒன்றுதான். கிளட்ச் எத்தனை முறை, எவ்வளவு நேரம் வழுக்கிப் பிடிக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

லைனிங்கைச் சாகடிப்பது பெரும்பாலும் சூடு. எனவே எந்தப் பொருள் பலமானது என்று முதலில் தேட வேண்டாம். இந்த வேலையில் எவ்வளவு சூடு பிறக்கிறது, மணிக்கு எத்தனை தடவை பிறக்கிறது, பிறந்த சூடு எந்த வழியாக வெளியேறுகிறது என்று முதலில் பாருங்கள். பொருளை அதன் பிறகு தேடலாம். இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே போகிறது.

சூட்டின் கணக்கு

கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்போதும் முழுதாக விலகியிருக்கும்போதும் அதில் சூடு பிறப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில், பிளேட் ஒரு வேகத்திலும் பிளைவீல் வேறொரு வேகத்திலும் சுற்றியபடி உரசும் நேரத்தில்தான் பிறக்கிறது. எவ்வளவு சூடு என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: கிளட்ச் கடத்தும் திருப்புவிசை, அதாவது டார்க்; இரண்டு பக்கமும் சுற்றும் வேகங்களின் வித்தியாசம்; வழுக்கும் நேரம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மொத்த எடை 28 டன் உள்ள பத்துச் சக்கர டிப்பர் ஒன்று குவாரி ஏற்றத்தில் நிற்கிறது. பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம். முதல் கியரில் கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும் சேர்ந்து வேகத்தை 42 மடங்கு குறைக்கின்றன, சக்கரத்தின் ஆரம் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி பின்னால் உருளாமல் இருக்க, கிளட்ச் சுமார் 330 நியூட்டன் மீட்டர் டார்க்கைத் தாங்கியாக வேண்டும். முன்னால் நிற்கும் வண்டி நகரும்வரை ஓட்டுநர் ஹேண்ட் பிரேக்கைப் போடாமல், இன்ஜினை 1,000 ஆர்பிஎம்மில் வைத்து ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறார். அப்போது கிளட்சுக்குள் பிறக்கும் சூடு ஏறத்தாழ 35 கிலோவாட். ஒரு கிலோவாட் இஸ்திரிப் பெட்டிகள் 35-ஐ மூடிய கிளட்ச் ஹவுசிங்குக்குள் ஒன்றாக எரியவிட்டதற்குச் சமம் இது.

பத்து நொடி அப்படி நின்றால் 350 கிலோஜூல். அதில் பாதி பிரஷர் பிளேட்டுக்குப் போகிறது என்றால், 20 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புப் பிளேட் மொத்தமாக 17 டிகிரி ஏறும். இது சராசரிதான், உரசும் மேற்பரப்பு அதைவிடப் பல மடங்கு சூடாகியிருக்கும். ஏறிய சூடு இறங்குவதற்குப் பல நிமிடங்கள் தேவை. அதற்குள் அடுத்த நகர்வு வந்துவிடும். லோடிங் வரிசையில் ஒரு மணி நேரம் இப்படிப் போனால் பிளேட்டின் நிலை என்னவாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வண்டியைக் கிளப்பும் விதத்திலும் இதே வித்தியாசம் உண்டு. 600 நியூட்டன் மீட்டர் டார்க்கில், 1,000 ஆர்பிஎம்மில் 2 நொடிக்குள் கிளட்சை விட்டால் பிறக்கும் சூடு சுமார் 63 கிலோஜூல். அதே வண்டியை 1,800 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, 3 நொடி இழுத்துவிட்டால் 170 கிலோஜூல். லைனிங்கை மாற்றாமலேயே அதன் ஆயுளை இரண்டு மடங்குக்கு மேல் நீட்டக்கூடிய இடம் இது. அதனால்தான் பிளேட்டை விலை பேசுவதற்கு முன் ஓட்டுநரிடம் பேசச் சொல்கிறேன். "அண்ணே, லோடு ஏத்துற இடத்துல மேடா, சமமா? ஒரு நடைக்கு எத்தனை தடவை ரிவர்ஸ் போடுறீங்க?" இந்த இரண்டு கேள்விகளின் பதிலில் தேர்வின் பாதி முடிந்துவிடும்.

கையில் இருக்கும் பொருள்கள்

உலர் கிளட்சுகளுக்கு, அதாவது ஆயில் படாமல் வேலை செய்யும் கிளட்சுகளுக்கு, கடையில் கிடைப்பவை மூன்று வகை.

ஆர்கானிக் லைனிங். கண்ணாடி இழை அல்லது வேறு இழைகளை ஃபீனாலிக் ரெசினில் இறுக்கி, சூட்டைக் கடத்துவதற்குப் பித்தளை அல்லது செம்புக் கம்பி சேர்த்துச் செய்தது. இதில் சேரும் முக்கியப் பொருள்களில் ஒன்று முந்திரி. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கெட்டியாக்கித் தூளாக்கிக் கலக்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைப்பவர்களின் கையைப் பொத்துப்போகச் செய்யும் அதே ஓட்டுப் பால்தான், லைனிங் மென்மையாகப் பிடிக்கவும் சத்தம் குறையவும் உதவுகிறது. உலர் நிலையில் இந்த வகையின் உராய்வுக் குணகம் பொதுவாக 0.35 முதல் 0.45 வரை இருக்கும். கிளட்ச் மெதுவாக, அதிராமல் பிடிக்கும். பிளைவீலை அதிகம் தேய்க்காது. சூடுதான் இதன் எல்லை. சுமார் 250 டிகிரிக்கு மேல் ரெசின் சிதையத் தொடங்கும். அதிலிருந்து கிளம்பும் வாயு உரசும் முகங்களுக்கு நடுவே நின்று பிடிப்பைக் குறைக்கும். கிளட்ச் எரியும்போது வரும் அந்த நெடி ரெசின் எரியும் நெடிதான்.

அராமிட் லைனிங். கெவ்லார் என்ற வணிகப் பெயரில் பலருக்கும் தெரிந்த இழையைக் கொண்டது. ஆர்கானிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் இழை வலுவானது, தேய்மானம் குறைவு, சூட்டை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பிளைவீலுக்கும் மென்மையானது. முகங்கள் ஒன்றோடொன்று பழகுவதற்குக் கூடுதல் நாள் எடுக்கும். அந்த நாள்களில் பாரம் ஏற்றி வாட்டினால் மேற்பரப்பு பளபளவென்று கெட்டித்துப்போய், பிறகு சரியாகவே பிடிக்காது.

பட்டன் பிளேட். செம்பு அல்லது இரும்புத் தூளோடு பீங்கான் துகள்களும் கிராஃபைட்டும் சேர்த்து அழுத்தி, உருகும் நிலைக்குக் கீழே சூடேற்றிக் கெட்டியாக்கிய வில்லைகள், பிளேட்டில் மூன்றோ நான்கோ ஆறோ ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். ஆர்கானிக் லைனிங் கைவிடும் சூட்டிலும் இதன் பிடிப்பு குலையாது. பதிலுக்கு இது கேட்கும் விலையும் உண்டு: கிளட்ச் சட்டென்று கவ்வும், வண்டி குலுங்கிக் கிளம்பும், பிளைவீலும் பிரஷர் பிளேட்டும் வேகமாகத் தேயும். காரணம் எளிது. 380 மி.மீ. ஆர்கானிக் பிளேட்டின் ஒரு பக்கப் பரப்பு சுமார் 820 சதுர செ.மீ. ஒவ்வொன்றும் 35 சதுர செ.மீ. உள்ள ஆறு பட்டன்களின் பரப்பு 210 சதுர செ.மீ. மட்டுமே. அதே ஸ்பிரிங் விசை நான்கில் ஒரு பங்கு இடத்தில் விழுவதால், ஒவ்வொரு சதுர மி.மீட்டரிலும் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது.

டார்க் தாங்குமா என்ற கணக்கு

சூட்டைப் பார்த்த பிறகு பிடிப்பைப் பார்க்க வேண்டும். கிளட்ச் தாங்கும் டார்க் = உராய்வுக் குணகம் × ஸ்பிரிங் அழுத்தும் விசை × சராசரி ஆரம் × உரசும் முகங்களின் எண்ணிக்கை. ஒற்றைப் பிளேட் கிளட்சில் உரசும் முகங்கள் இரண்டு, இரட்டைப் பிளேட்டில் நான்கு.

வெளிவிட்டம் 380 மி.மீ., உள்விட்டம் 200 மி.மீ. உள்ள பிளேட்டுக்குச் சராசரி ஆரம் 145 மி.மீ. ஸ்பிரிங் விசை 20,000 நியூட்டன், உராய்வுக் குணகம் 0.30 என்று கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்வோம். 0.30 × 20,000 × 0.145 × 2 = 1,740 நியூட்டன் மீட்டர். இன்ஜினின் உச்ச டார்க் 850 என்றால் கையிருப்பு இரண்டு மடங்கு. சீரான பாரத்துக்கு ஒன்றரை மடங்கு போதும். அதிர்ச்சிப் பாரம் வரும் வேலைக்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கு வேண்டும்.

இந்தக் கையிருப்பு எங்கே கரைகிறது என்றும் பாருங்கள். சூடேறிக் குணகம் 0.20-க்கு இறங்கினால் 1,160 மிஞ்சும், வண்டி இன்னும் ஓடும். ஆயில் கசிந்து லைனிங்கில் ஏறிக் குணகம் 0.15 ஆனால் மிஞ்சுவது 870 மட்டுமே. இன்ஜின் முழுப் பலத்தைக் காட்டும் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கத் தொடங்கும், வழுக்கினால் சூடு, சூடேறினால் இன்னும் வழுக்கல். காயில் ஸ்பிரிங் வைத்த பழைய வகைக் கிளட்சில் லைனிங் தேயத் தேய ஸ்பிரிங் விசையும் குறைந்துகொண்டே வரும். டயாஃப்ரம் வகையில் அந்தக் குறை பெரும்பாலும் வராது.

பட்டன் பிளேட் போட்டுக் குணகத்தை 0.40-க்கு உயர்த்தினால் டார்க் கணக்கு 2,300-ஐத் தாண்டுகிறதே, அதையே போட்டுவிடலாமே என்று தோன்றும். இந்த இடத்தில் நிதானியுங்கள். கிளட்ச் வழுக்குவது சில நேரங்களில் வண்டியைக் காப்பாற்றுகிறது. பள்ளத்தில் சக்கரம் மாட்டி இன்ஜின் உறுமும்போது கிளட்ச் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்தால், அந்த அதிர்ச்சி கியர்பாக்ஸுக்குப் போகாது. கிளட்ச் விட்டுக்கொடுக்க மறுத்தால் அடுத்துப் பலவீனமான இடம் உடையும்: இன்புட் ஷாஃப்ட், புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ், ஆக்சில் ஷாஃப்ட். எல்லாமே பிளேட்டைவிட விலை கூடியவை. வண்டி செய்தவர்கள் பரிந்துரைக்காத பட்டன் பிளேட்டை, பலமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் போட வேண்டாம்.

உற்பத்தியாளரின் தரவுத்தாளில் உராய்வைக் குறிக்க இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அவற்றை எஸ்.ஏ.இ. முறைப்படி படிக்கலாம். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிப்பு, இரண்டாவது கடும் சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. எஃப்எஃப் என்றிருந்தால் சூட்டிலும் பிடிப்பு அதே வரம்பில் நிற்கிறது. எஃப்இ என்றிருந்தால் சூட்டில் இறங்குகிறது. இந்தச் சோதனை பிரேக் லைனிங்குக்காக, ஓர் அங்குலச் சதுரத் துண்டை வைத்துச் செய்யப்படுவது. ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிட உதவும். உங்கள் வண்டியில் அது எத்தனை மாதம் வரும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

வேலை வாரியாகத் தேர்வு

நெடுஞ்சாலை லாரி, தூரப் பயண டிப்பர். கிளட்ச் மிதிப்பது குறைவு, ஆறுவதற்கு நேரம் அதிகம். நல்ல ஆர்கானிக் லைனிங்கே போதும். கூடுதல் ஆயுள் வேண்டுமென்றால் அராமிட். பட்டன் பிளேட் இங்கே தேவையில்லாத செலவு.

குவாரி, மண் அள்ளும் டிப்பர். மணிக்குப் பல தடவை கிளம்பி நிற்கும் வண்டி. முதலில் ஓட்டும் முறையைச் சரிசெய்யுங்கள். ஏற்றத்தில் நிற்க ஹேண்ட் பிரேக்கைப் பழக்குங்கள். அதன் பிறகும் பிளேட் கருகினால், அதே வண்டிக்கு நிறுவனமே தரும் கனவேலை லைனிங் அல்லது பெரிய விட்டக் கிளட்ச் உண்டா என்று பாருங்கள். பெரிய பிளேட் என்றால் சூடு பரவப் பெரிய பரப்பு. பல நேரம் பொருளை மாற்றுவதைவிட இதுவே நல்ல வழி. பட்டன் பிளேட்டை நிறுவனமே அனுமதித்திருந்தால் மட்டும் போடுங்கள்.

வயலில் உழும் டிராக்டர். பல டிராக்டர்களின் கிளட்சில் இரண்டு பிளேட்டுகள் இருக்கும்: ஒன்று வண்டி நகர, இன்னொன்று பின்னால் மாட்டும் ரோட்டவேட்டர் போன்ற கருவிக்கான பிடிஓ. இவற்றில் சிலவற்றில் நகரும் பிளேட்டில் பட்டனும் பிடிஓ பிளேட்டில் ஆர்கானிக் லைனிங்கும் இருக்கும். இது காரணத்தோடு செய்த ஏற்பாடு. நகரும் பிளேட் நாள் முழுவதும் மிதிபட்டுச் சூடாகிறது. பிடிஓ பிளேட் எப்போதாவதுதான் வேலை செய்கிறது, கருவி அதிராமல் சுழலத் தொடங்க வேண்டும். மாற்றும்போது இந்த ஏற்பாட்டைக் கலைக்க வேண்டாம். முன்பக்கம் லோடர் மாட்டி முன்னும் பின்னும் ஓடும் டிராக்டருக்கு, நிறுவனம் அனுமதித்திருந்தால், நகரும் பிளேட் பட்டனாக இருப்பது நல்லது.

சேற்றுழவில் லைனிங்கின் பெரிய எதிரி தண்ணீரும் வண்டலும். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். கசியும் ஆயில் வெளியேறுவதற்கான துளை அது. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறங்கும்போது அதே துளை வழியாகச் சேறு உள்ளே ஏறும். அதனால் சேற்றுழவுக்கு முன் அதை அடைக்கப் பிளக் கொடுத்திருப்பார்கள். உழவு முடிந்ததும் பிளக்கை மறக்காமல் கழற்றுங்கள்; விட்டுவிட்டால் சீல் கசியும்போது ஆயில் உள்ளேயே தேங்கி லைனிங்கை நனைக்கும். அடுத்த பருவம்வரை டிராக்டரை நிறுத்தி வைப்பதானால், பெடலை அமுக்கி, கொக்கி மாட்டியோ கட்டை கொடுத்தோ வையுங்கள். ஈரமான பிளேட் துருப்பிடித்துப் பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதைத் தடுக்க இதுதான் வழி.

பவர் பிரஸ். கிளட்சும் பிரேக்கும் ஒன்றாக இருக்கும் இயந்திரம். லைனிங்கின் உராய்வு மாறினால் பிரஸ் நிற்க எடுக்கும் நேரமும் மாறும், உள்ளே கை இருக்கும் தொழிலாளியின் பாதுகாப்பும் மாறும். இங்கே இயந்திரம் செய்தவர் சொன்ன லைனிங்கைத் தவிர வேறெதையும் போடக் கூடாது. போட்ட பின் நிற்கும் நேரத்தை அளந்து பார்க்காமல் வேலைக்கு விடவும் கூடாது.

ஆயிலில் மூழ்கிய கிளட்சுகள்

ஊரில் எல்லோரும் ஜேசிபி என்று அழைக்கும் பேக்ஹோ லோடர், வீல் லோடர், மோட்டார் கிரேடர் ஆகியவற்றின் கியர்பாக்ஸில் முன்னும் பின்னும் மாற்றுபவை பெரும்பாலும் ஆயிலில் மூழ்கிய பல பிளேட் கிளட்சுகள். உரசும்போது பிறக்கும் சூட்டை ஆயில் எடுத்துக்கொண்டு கூலருக்குப் போய்விடுகிறது. அதனால்தான் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை திசை மாற்றினாலும் அவை தாங்குகின்றன.

இங்கே பொருள்கள் வேறு. பேப்பர் பிளேட் என்று அழைக்கப்படுவது செல்லுலோஸ், அராமிட் இழைகளை ரெசினில் ஊறவைத்து, எஃகுத் தட்டில் ஒட்டியது. ஆயிலில் இதன் குணகம் பொதுவாக 0.10 முதல் 0.14 வரை. பிடிப்பு மென்மையானது. ஒரு முறை கருகினால் அவ்வளவுதான், மீட்க முடியாது. சின்டர்டு வெண்கலப் பிளேட்டின் குணகம் அதைவிடக் குறைவு, சத்தமும் குலுக்கலும் கூடுதல். ஆனால் முரட்டு வேலையையும் அதிக அழுத்தத்தையும் தாங்கும். பிளேட்டின் முகத்தில் உள்ள வரிப்பள்ளங்களை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். ஆயிலை உள்ளே கொண்டுவந்து குளிர்விப்பதும், பிடிக்கும் நொடியில் ஆயில் படலத்தைக் கிழித்து விலக்குவதும் அவைதான். பள்ளத்தின் வடிவம் வேறான பிளேட்டை அளவு சரியாக இருக்கிறது என்பதற்காகப் போடாதீர்கள்.

உலர் கிளட்சில் லைனிங் ஒரு பொருள். ஆயில் கிளட்சில் லைனிங்கும் ஆயிலும் சேர்ந்துதான் ஒரு பொருள். கேட்டர்பில்லரின் டிஓ-4 போன்ற ஆயில் தரங்கள், உராய்வு பிளேட்டுகளோடு ஆயில் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் சோதிக்கின்றன. எரிபொருள் மிச்சத்துக்காக உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த கார் இன்ஜின் ஆயிலை இந்தக் கியர்பாக்ஸில் ஊற்றினால், புதுப் பிளேட்டும் வழுக்கும். பேப்பர் பிளேட் போட்டால் பொருத்துவதற்கு முன் அதே ஆயிலில் குறைந்தது அரை மணி நேரம் ஊறவையுங்கள். காய்ந்த பேப்பர் முதல் பிடியிலேயே கருகக்கூடும்.

நோயைக் கண்டுபிடிக்க ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். காந்தப் பிளக்கில் ஒட்டுவது எஃகு: பேரிங், கியர் அல்லது நடுத் தட்டு தேய்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் ஃபில்டர் மடிப்பில் மஞ்சளாக மினுமினுப்பது வெண்கலம். கருப்பான, நார் நாரான மண்டி பேப்பர் பிளேட்டின் சாம்பல். இதைப் பார்த்தால், கழற்றுவதற்கு முன்பே என்ன வாங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பழைய பிளேட் சொல்லும் சாட்சியம்

கழற்றிய பிளேட்டைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த பிளேட்டைப் பற்றி அதைவிட நன்றாகச் சொல்பவர் யாரும் இல்லை.

1. இரண்டு முகமும் சமமாகத் தேய்ந்து, ரிவெட் தலைவரை வந்திருக்கிறது, நிறம் மாறவில்லை. இயற்கையான மரணம். அதே பொருளையே மறுபடி போடுங்கள்.

2. லைனிங் கருகி, விளிம்பில் உதிர்கிறது. பிரஷர் பிளேட்டில் நீலப் புள்ளிகளும் மயிரிழை வெடிப்புகளும் இருக்கின்றன. சூட்டில் செத்த பிளேட். ஓட்டும் முறை, பெடல் ஃப்ரீ பிளே, கிளட்சின் அளவு ஆகிய மூன்றையும் பாருங்கள். பொருளை மாற்றுவது நான்காவதுதான்.

3. முகம் கண்ணாடிபோலப் பளபளக்கிறது, தேய்மானம் குறைவு, ஆனாலும் வழுக்கியது. ஆயில் பட்டதா என்று முதலில் பாருங்கள். கருப்பாக, புகை வாசத்தோடு இருந்தால் கிராங்கின் பின் சீல். கந்தக நெடி அடித்தால் கியர்பாக்ஸ் இன்புட் சீல். ஆயில் குடித்த ஆர்கானிக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீட்க முடியாது. சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போடுவது வாடிக்கையாளரின் பணத்தை எரிப்பதாகும்.

4. ஒரு முகம் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறது. பிளேட் ஸ்பிளைனில் தாராளமாக நகரவில்லை, அல்லது ஒரு பக்க உலோகம் வரிவரியாகக் கிழிந்திருக்கிறது. எந்தப் பொருள் போட்டாலும் இது திரும்ப வரும்.

5. லைனிங் துண்டு துண்டாகப் பறந்து, ஹவுசிங் முழுக்கச் சிதறியிருக்கிறது. இதைத் தரக்குறைவு என்று சொல்லிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் ஓட்டுநரைக் கேளுங்கள். முன் சொன்ன டிப்பர் முதல் கியரில் இருக்க, பெடலை மிதித்தபடி இறக்கத்தில் 30 கி.மீ. வேகத்தில் உருண்டால், சக்கரம் பிளேட்டை ஏறத்தாழ 6,700 ஆர்பிஎம்மில் சுற்ற வைக்கும். இன்ஜின் மீட்டரில் அது தெரியவே தெரியாது. அந்த வேகத்தில் லைனிங் சிதறும். மருந்து ஒன்றுதான்: இறக்கத்தில் கீழ்க் கியர் போட்டுக் கிளட்சை மிதித்தபடி உருளக் கூடாது.

அஸ்பெஸ்டாஸ்: விலை பேசக்கூடாத இடம்

பல தலைமுறைகளாகக் கிளட்ச் லைனிங்கின் உடல் அஸ்பெஸ்டாஸ் இழையாகத்தான் இருந்தது. அதன் தூசியைச் சுவாசிப்பது நுரையீரல் புற்றுநோய்க்கும் மீசோதீலியோமாவுக்கும் காரணம் என்பதில் மருத்துவ உலகுக்குச் சந்தேகம் இல்லை. பாதிப்பு வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் இதன் பயன்பாட்டைத் தடை செய்தது. அமெரிக்கா வெள்ளை அஸ்பெஸ்டாஸுக்கு 2024-இல் தடை விதித்தது. இந்தியாவில் வெள்ளை அஸ்பெஸ்டாஸ் இறக்குமதி இன்னும் அனுமதிக்கப்படுகிறது. ஆகவே பெயரில்லாத மலிவு லைனிங்கில் அது இருக்க வாய்ப்பு உண்டு, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் லைனிங்கை மட்டும் வாங்குங்கள். கிளட்சில் இன்றைக்கு அது இல்லாமல் செய்ய முடியாத வேலை எதுவும் இல்லை.

பழைய வண்டியைத் திறக்கும்போது ஹவுசிங்கில் இருக்கும் கருந்தூசியை ஏர் பிடித்து ஊதும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. இன்றே நிறுத்துங்கள். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தகுந்த வடிகட்டியுள்ள முகக்கவசம் போடுங்கள். பட்டறையில் தொழில் பழகும் பையன்கள்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இருக்கும் நாற்பது ஐம்பது வருட வாழ்க்கை, நீங்கள் மிச்சம் பிடிக்கும் ஐந்து நிமிடத்தைவிடப் பெரிது.

பொருத்தும்போது

நல்ல பொருளும் கெட்ட பொருத்தலில் சீக்கிரம் சாகும்.

– பிளைவீல் முகத்தில் வரியோ நீலப் புள்ளியோ இருந்தால் கடைந்து எடுங்கள். உரசும் முகத்தில் எடுத்த அதே அளவைக் கவர் உட்காரும் முகத்திலும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் விசை குறைந்துவிடும்.

– புதுப் பிளேட்டின் ஆட்டத்தை டயல் கேஜில் பார்த்து, கையேட்டின் வரம்புக்குள் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

– ஸ்பிளைனில் கிரீஸை மெல்லிய பூச்சாக மட்டும் தடவுங்கள். அதிகமானால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் ஏறும்.

– லைனிங்கை ஆயில் கையோடு தொடாதீர்கள்.

– பிளேட்டோடு ரிலீஸ் பேரிங்கையும் ஸ்பிகாட் பேரிங்கையும் சோதியுங்கள். மறுபடி கியர்பாக்ஸை இறக்கும் கூலி இவற்றின் விலையைவிட அதிகம்.

– ஃப்ரீ பிளேயைக் கையேட்டின் அளவுக்கு வையுங்கள். ஃப்ரீ பிளே இல்லாத பெடல், ஓட்டுநர் எப்போதும் கால் வைத்திருப்பதற்குச் சமம்.

– முதல் சில நூறு கிலோமீட்டர், டிராக்டர் என்றால் முதல் சில நாள், குறைந்த பாரத்தில் ஓட்டச் சொல்லுங்கள். முகங்கள் முழுதாகப் பொருந்திய பிறகுதான் கணக்கில் போட்ட டார்க் கிடைக்கும்.

ஒரு பக்கப் பதிவேடு

வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பிளேட் மாற்றும்போதெல்லாம் இவற்றை எழுதுங்கள்: தேதி, ஓடிய கிலோமீட்டர் அல்லது மணி நேரம், போட்ட லைனிங்கின் வகையும் தயாரிப்பும், பழைய பிளேட் மேலே சொன்ன ஐந்தில் எந்த நிலையில் இருந்தது, வண்டி செய்த வேலை, அப்போது மாற்றிய சீலும் பேரிங்கும். மூன்று நான்கு வண்டிகளின் பக்கங்கள் நிரம்பியதும், எந்த வேலையில் எந்தப் பொருள் எத்தனை மாதம் நின்றது என்று உங்கள் பட்டறையின் சொந்தக் கணக்கே சொல்லும். அடுத்த முறை கடையில் விலை கூடிய பிளேட்டையும் விலை குறைந்த பிளேட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், இரண்டின் விலையையும் அந்தக் கணக்கில் வந்த மாதங்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு எது குறைவாக வருகிறதோ அதை வாங்குங்கள்.